ரண்டர்ஸ் அணியின் தம்பிமார்

என் தங்கை எனக்கு இட்ட வேலை ஒன்றே ஒன்று. டென்மார்க்கில் ரண்டர்ஸ் என்ற ஊருக்குப் போய் அவளுடைய மகள் வசந்தியின் கலியாணத்தை முடித்து வைத்துவிட்டு வர வேண்டும். மாப்பிள்ளை பார்த்தாயிற்று. சாதகம் பொருந்தியாயிற்று. ஆவணி கடைசியில் நாளும் வைத்தாயிற்று. தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் போய் நிற்க வேண்டும். "முதல் எழுத்து, அதுக்குப் பிறகுதான் தாலி" என்று சொல்லி அனுப்பினாள். எழுத்து என்றால் சட்டப்படி பதிவு. வெளிநாட்டில் தாலியை மட்டும் கட்டிவிட்டுக் காணாமற்போன மாப்பிள்ளைமாரின் கதைகள் அவளிடம் நிறைய உண்டு.

நான் கல்வித் திணைக்களத்தில் ஆசிரியர் இடமாற்றப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பத்தோடு எதை இணைக்க வேண்டும், யாருடைய சிபாரிசு செல்லும், யாருடையது செல்லாது என்பதெல்லாம் இன்னும் மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஓர் அலுவலகப் படி ஏற வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். வேறு எதற்கும் அழைப்பதில்லை.

முதல் நாள் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரே என்ற இடத்தில் யோகம் என்பவரின் வீட்டில் தங்கினேன். எங்கள் ஊரில் அடுத்த ஒழுங்கைக்காரர். இங்கே பெந்தகோஸ்தே சபையில் சேர்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் செபம் செய்தார். புட்டு ஆறும்வரை செய்தார். ஆமென் சொன்னதும் அவர் கேட்ட முதற் கேள்வி என் பயணத்தைப் பற்றியதல்ல.

"ஐயா எந்தக் கல்லூரி?"

சொன்னேன். அவரும் அதே கல்லூரிதான். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றக் கல்லூரிக்காரர்கள் இந்தப் பந்தியோடு வாசிப்பை நிறுத்திவிடுவார்கள்.

"அப்ப ரண்டர்ஸுக்கோ போறியள்? ரவி வந்திட்டான். கேள்விப்பட்டனீங்களே?"

"எந்த ரவி?"

"என்னய்யா இப்பிடிக் கேக்கிறியள்? சென்டர் ஹாஃப் ரவி!"

"ரண்டர்ஸிலை இருக்கிற ரவீந்திரன் எண்டால் அவரைத்தான் என்ரை மருமகள் கட்டப்போறாள்" என்றேன்.

யோகம் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு தன் பங்கு முட்டைப் பொரியலை என் தட்டில் வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது.

இரண்டாம் நாள் புகையிரதம். டென்மார்க் தீவுகளாக இருப்பதால் புகையிரதமே ஒரு கப்பலின் வயிற்றுக்குள் ஏறிவிடுகிறது. எங்கள் ஊரில் யாழ்தேவிப் புகையிரதம் ஆனையிறவைத் தாண்டினாலே பெரிய காரியம். எல்லோரும் இறங்கி மேல் தட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அங்கே பாணின் ஒரு துண்டின்மேல் மீனை வைத்துக் கொடுத்தார்கள். மேலே மூடுவதற்கு இன்னொரு துண்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதைக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் வெட்டித் தின்பதுதான் இங்கத்தைய முறையாம்.

பக்கத்து மேசையில் இரண்டு முதியவர்கள் ஒரு மரணத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார். "ஐந்து கோல். ஸ்பெயினிடம் ஐந்து கோல். என் மனைவி இறந்தபோதுகூட நான் இரவு தூங்கினேன்" என்று ஒருவர் சொன்னாராம். மெக்சிக்கோவில் உலகக் கிண்ணம் முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பைத்தியம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல என்று தெரிந்ததில் எனக்கு ஓர் ஆறுதல்.

கீழே இறங்கி வந்து என் இருக்கையில் உட்கார்ந்தேன். இருக்கை அதேதான், புகையிரதம்தான் வேறு. கப்பலுக்குள் பல தண்டவாளங்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் ஏறிய பெட்டிகள் எஸ்பியர்க் என்ற மேற்குத் துறைமுகத்துக்குப் போகிறவை. பரிசோதகர் என் பயணச்சீட்டை நீண்ட நேரம் பார்த்தார். அபராதம் என்று நினைத்தேன். அவரோ ஃப்ரெடெரிசியா நிலையத்தில் தானே இறங்கி, என்னைக் கையைப் பிடித்துச் சரியான மேடையில் நிறுத்திவிட்டுப் போனார். எங்கள் நாட்டில் இந்தத் தவறுக்கு ஒரு விளக்கக் கடிதமாவது எழுதியிருக்க வேண்டும்.

என் பெட்டி எனக்கு முன்பே ரண்டர்ஸ் போய்விட்டது. கூறைச் சேலையும் மிளகாய்த்தூளும் அதற்குள்ளே. நிலையத்துக்கு வந்திருந்த தவம், கயிற்றால் கட்டிய பெட்டி டென்மார்க்கில் ஒன்றுதான் இருக்கும் என்று கண்டுபிடித்து இறக்கிவிட்டானாம். தவம் என் தங்கையின் மூத்தவன், வசந்தியின் அண்ணன். ரண்டர்ஸ் தமிழர் உதைபந்தாட்ட அணியின் செயலாளர், கோல்காப்பாளர், உடுப்புத் தோய்ப்பவன் எல்லாம் அவனே.

"மாமா, சனிக்கிழமை ஓல்போர்க்கோடை மட்ச். நீங்கள் நல்ல நேரத்திலை வந்திருக்கிறியள்" என்றான். நான் கலியாணத்துக்கு வந்திருப்பதை நினைவூட்டினேன். "ஓம் ஓம், அதும்தான்" என்றான்.

அவனுடைய வீடு மூன்றாம் மாடியில். வசந்தி சமையலறையில் பாலை ஊற்றிச் சொதி காய்ச்சிக்கொண்டிருந்தாள். இங்கே தேங்காய் கிடைப்பதில்லை. மாப்பிள்ளை ரவீந்திரன் அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அதே வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாராம். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை சொல்லும் மனிதர். எனக்குப் பிடித்தது. வரவேற்பறையில் சின்னராசா என்பவர் இருந்தார். அவருக்கும் எங்கள் கல்லூரி. பந்தை உதைத்ததில்லை, ஆனால் எல்லா ஆட்டங்களும் ஞாபகம்.

தேநீர் வருவதற்குள் எனக்கு நிலவரம் விளங்கியது. ஓல்போர்க் தமிழர் அணி முழுவதும் மற்றக் கல்லூரிக்காரர். அவர்களுடைய நடு ஆட்டக்காரன் குகன். ஊரில் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையில் நடந்த ஆட்டங்களில் ரவியும் குகனும் நேருக்கு நேர் நின்றவர்கள். இருவரில் யார் பெரியவன் என்ற வழக்கு நாட்டை விட்டு வந்த பிறகும் தீரவில்லை.

"ரவி அடிக்கிற பந்து பதிவுத் தபால் மாதிரி ஐயா. ஆருக்கு அனுப்பினானோ அவன்ரை காலிலைதான் போய்ச் சேரும்" என்றார் சின்னராசா. "குகன் என்ன செய்வான்? சுத்துவான். நாலு பேரைச் சுத்துவான். பிறகு தன்னையே சுத்துவான்."

"குகன் ஒரு மட்ச்சிலை மூண்டு கோல் அடிச்சவன் அண்ணை" என்றான் தவம். நியாயவான் போலக் காட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை.

"எண்டைக்கு? எங்கடை கோல் கீப்பருக்கு அண்டைக்குக் காய்ச்சல்!"

எனக்கு வேறு ஒன்று விளங்கவில்லை. அகதிகளை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை அதற்கான அலுவலகம் தீர்மானிக்கிறது. அப்படியிருக்க ஒரு கல்லூரி முழுவதும் ஓர் ஊரிலும், மற்றக் கல்லூரி முழுவதும் இன்னோர் ஊரிலும் எப்படிப் போய்ச் சேர்ந்தன? கேட்டேன்.

சின்னராசாவுக்கு முகம் மலர்ந்தது. "அது தவத்தின்ரை மூளை ஐயா. நெருங்கின சொந்தக்காரர் இருக்கிற ஊருக்கு விடுவினம். முகாமுக்கு ஆர் வந்து இறங்கினாலும் எங்களுக்குத் தகவல் வரும். நல்லா விளையாடுறவன் எண்டால் அடுத்த நாளே எங்கடையாள் ஒருத்தன் போய்த் தன்ரை சகோதரம் எண்டு எழுதிக் குடுப்பான். ரவியை ஓல்போர்க்குக்கு எண்டுதான் முதல் போட்டவை. தவம் விட்டானே? என்ரை கூடப்பிறந்த தம்பி எண்டு கையெழுத்துப் போட்டுக் கொண்டந்திட்டான். ஓல்போர்க்காரங்கள் ஒரு கிழமை சாப்பிடேல்லை."

இடமாற்றப் பிரிவில் இருந்தவனுக்கு இது புதிதல்ல. என் காலத்தில் ஒரே நோயாளித் தாயை ஏழெட்டு ஆசிரியர்கள் பங்குபோட்டார்கள். ஆனால் என் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

"தவம், ரவி உன்ரை கூடப்பிறந்த தம்பி எண்டோ எழுதினனி?"

"ஓம் மாமா."

"ரெண்டு பேருக்கும் தகப்பன் பேர் வேறையல்லோ?"

"எங்கடை ஊரிலை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கடைசிப் பேர் எண்டு சொன்னனான். நம்பிட்டினம். ரவியும் ஓம் எண்டு தலையாட்டினவன்."

"வசந்தி உன்ரை கூடப்பிறந்த தங்கச்சி எண்டும் அங்கை பதிவிலை இருக்கே?"

"இருக்குத்தானே. அது உண்மை..."

சின்னராசா சீலிங்கைப் பார்த்தார். சமையலறையில் ரவி கையிலிருந்த வெங்காயத்தைப் பலகையில் வைத்தார். சொதி பொங்கி அடுப்பில் வழிந்தது. ஒருவரும் போய் இறக்கவில்லை. சாதகம் பார்த்தார்கள், நாள் பார்த்தார்கள், மண்டபத்துக்கும் சொல்லிவைத்தார்கள். டென்மார்க் அரசின் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கை என்பதை மூன்று மாதமாக ஒருவரும் யோசிக்கவில்லை. பந்தைப் பற்றி யோசித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மணமக்களைக் கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனேன். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்ததால் தவறவிட்டோம். நடந்து போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த பெண் எங்களுக்குக் காப்பி தந்து வாழ்த்துச் சொன்னார். பதிவை எடுத்துப் பார்த்தார். மணமகனைப் பார்த்தார். மணமகளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டென்மார்க்கில் இது முடியாது" என்று என்னிடம் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார். "உங்கள் நாட்டில் முடியுமா?"

முடியாது என்றேன். பதிவில் தவறு என்றேன். அப்படியென்றால் பதிவைச் செய்தவரே வந்து திருத்த வேண்டும் என்றார். இந்தக் கிழமைக்குள் திருத்தினால் நாங்கள் கேட்ட நாளையே தரலாம், தவறினால் ஒக்டோபர்தான். செப்ரெம்பர் மூன்றாம் கிழமை என் விசா முடிகிறது. அதோடு புரட்டாசியும் பிறந்துவிடும்.

மாலையில் வீட்டில் கூட்டம். நான் சட்டத்தைச் சொன்னேன். பொய்யைத் தானாக வந்து திருத்துகிறவனுக்கும் பிடிபடுகிறவனுக்கும் எந்த நாட்டிலும் வித்தியாசம் உண்டு. ஆனால் தம்பி இல்லை என்றானபின் ரவி ரண்டர்ஸில் இருக்கக் காரணமும் இல்லை. முதலில் போட்ட இடத்துக்கே அனுப்புவார்கள்.

"ஓல்போர்க்குக்கோ?" என்றார் சின்னராசா. யாரோ செத்த செய்தி கேட்டவர் போல. "குகனும் ரவியும் ஒரே ரீமிலையோ? ஐயா, நீங்கள் எந்தக் கல்லூரியிலை படிச்சனீங்கள்?"

"சனிக்கிழமை மட்ச் முடியட்டும் மாமா" என்றான் தவம். "திங்கட்கிழமை போய்ச் சொல்லுறன்."

"திங்கட்கிழமை எண்டால் ஒக்டோபர்."

"ஐப்பசியிலையும் நல்ல நாள் இருக்குத்தானே..."

வசந்தி சமையலறைக் கதவில் நின்றாள். அதுவரை அவள் வாய் திறக்கவில்லை. "அண்ணா, உனக்கு ரீமுக்கு ஆள் வேணும் எண்டு அவரை எனக்கு அண்ணனாக்கினனி. அதை நான் கேக்கேல்லை. எனக்கும் இப்பதான் தெரியும். இப்ப ஒரு மட்ச்சுக்காக மாமா இல்லாமல் நான் மணவறையிலை இருக்கோணுமோ? அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. உன்ரை கோல் போஸ்ட்டையோ கூட்டிக்கொண்டு வரப்போறாய்?"

"பிள்ளை, ஒரு மட்ச் இல்லை. இது மானப் பிரச்சினை" என்றார் சின்னராசா.

"அப்ப மானத்தையே சாப்பிடுங்கோ சின்னராசாண்ணை" என்றாள்.

அன்றிரவு மேசைக்கு வந்தது கறுத்த பாணும் ஊறுகாய் போட்ட பச்சை மீனும். அடுத்த நாளும் அதுவே. பயிற்சி முடிந்து வழக்கம்போலச் சோறு தேடி வந்த அணியினருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கறுத்த பாண். அது ஒரு செங்கல்லின் எடையும் குணமும் கொண்டது. என் அறுபது வயதுக்கு மேற்பட்ட பற்கள் அந்தப் போராட்டத்தில் எந்தக் குற்றமும் செய்யாமல் தண்டிக்கப்பட்டன. ரவியிடம் தனியாகக் கேட்டேன், உங்கள் எண்ணம் என்ன என்று. "வசந்தி சொல்லுறதுதான்" என்றார். அவரிடம் கேட்டு வாங்கிய மிக நீளமான வசனம் அதுதான்.

வெள்ளி காலை தவம் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். "வாங்கோ மாமா. உள்ளை போட்டாலும் நல்ல சாப்பாடு தருவாங்கள்."

அகதிகள் அலுவலகத்தில் பிர்கித்தே என்ற பெண்மணி இந்த விடயங்களுக்குப் பொறுப்பு. தவம் தான் கற்ற டெனிஷில் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வருடம் முகாம் முகாமாக அலைந்து பெற்ற இடம் அது. ஒரு பொய்யால் அதுவும் போகுமோ என்ற பயத்தை அவன் என்னிடம் சொல்லவில்லை, கழுத்துப்பட்டியைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தான். பிர்கித்தே திட்டவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தவம் அதை எனக்கு மொழிபெயர்க்கும்போது காது சிவந்திருந்தது.

"மற்றத் தம்பிமாரும் இப்பிடித்தானோ எண்டு கேக்கிறா மாமா."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

பிர்கித்தே பேனாவை மூடினார். "எனக்கு இரண்டு சகோதரர்கள்" என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். "நாங்கள் வருடத்துக்கு ஒரு முறை, நத்தார்ப் பண்டிகைக்குச் சந்திப்போம். அதுவே அதிகம். இவர்களைப் போல ஒருவரை ஒருவர் தேடி வருகிற சகோதரர்களை நான் கண்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டேன்." தானாக வந்து சொன்னதால் இம்முறை எச்சரிக்கை மட்டும் என்றார். பதிவு அன்றே திருத்தப்படும், கடிதம் நகரசபைக்குப் போகும். ரவிக்கு முதலில் ஒதுக்கிய அறை ஓல்போர்க்கில் இன்னும் காலியாகவே இருக்கிறது, இன்று பிற்பகலே சாவியை வாங்கிக்கொள்ளலாம்.

"ஞாயிற்றுக்கிழமை போகலாமோ எண்டு கேளுங்கோ மாமா" என்று தவம் என்னிடமே சொன்னான். நான் கேட்கவில்லை. சில கோரிக்கைகளை முன்வைக்காமல் இருப்பதும் நிர்வாக அறிவு.

சனிக்கிழமை மழை. ஓல்போர்க்காரர்கள் ஒரு வாடகை வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் ரவி. மற்றக் கல்லூரியின் நிறத்தில் மேற்சட்டை. எங்கள் பக்கத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார், மரியாதைக்கு அல்ல, துக்கத்துக்கு.

ஒரே கிழமையில் வழக்கின் இரண்டு கட்சிகளும் இடம் மாறியிருந்தன. "ரவி என்ன பெரிய விளையாட்டுக்காரன்?" என்று சின்னராசா குடைக்குள்ளிருந்து முழங்கினார். "பந்தைக் கண்டால் அவனுக்கு நித்திரை வரும். குகன்தான் ஆட்டக்காரன். நான் அண்டைக்கே சொன்னனான்." எதிர்ப்பக்கத்தில் ஓர் ஓல்போர்க் பெரியவர், "ரவியைப் பாருங்கோடா, குகன் அவனிட்டைப் படிக்கோணும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். வசந்தி எங்கள் பக்கத்தில் தேநீர்ப் போத்தலோடு நின்றாள். மறுபடி சமைக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. சேற்றில் இருபத்திரண்டு பேர் விழுந்து எழும்பினார்கள். ஆனால் ரவி நின்ற இடத்தில் மட்டும் ஓர் அமைதி இருந்தது. பந்து அவரிடம் வரும், அவர் பார்க்காத ஒரு திசையில் போகும், அங்கே ஓர் ஆள் இருப்பான். பதிவுத் தபால் என்று சின்னராசா சொன்னது மிகையல்ல. அதை அவரிடம் இப்போது சொன்னால் குடையால் அடித்திருப்பார்.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது, முடிவதற்குச் சற்று முன், ரண்டர்ஸ் தம்பி ஒருவன் குகனைக் காலில் தட்டி விழுத்தினான். டெனிஷ் நடுவர் பெனால்டி கொடுத்தார். குகன் எழுந்து, சேற்றைத் துடைத்து, பந்தைக் கையில் எடுத்தான். எல்லோரும் அவன்தான் அடிப்பான் என்று நினைத்தார்கள். அவன் நடந்து போய் அதை ரவியிடம் கொடுத்தான். எத்தனையோ வருடத்து வழக்கு அந்த இடத்தில் தீர்ந்தது. தீர்ப்புச் சொன்னவன் எதிர்க்கட்சிக்காரன் என்பதால் இருபக்கத்திலும் ஒருவரும் அதை ஏற்கவில்லை.

தவம் கோல் வாசலில் நின்றான். எதிரே தங்கையின் மாப்பிள்ளை. ரவி அடித்தார். தவம் இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கத்தால் போனது. எங்கள் பக்கத்தில் கேட்ட ஒரே ஒரு கைதட்டு வசந்தியுடையது. சின்னராசா திரும்பிப் பார்த்ததும் அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ரவி இப்போது ஓல்போர்க்வாசி என்பதால், ஆவணி கடைசியில் அந்த நகரசபையிலேயே எழுத்து முடிந்தது. என் கையெழுத்தும் அதில் உண்டு. அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் கலியாணம். ஐயர் ஜேர்மனியிலிருந்து வந்தார். வாழைமரம் இல்லை. வரைந்து ஒட்டியிருந்தார்கள். இரண்டு கல்லூரிக்காரரும் வந்து, மண்டபத்தின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் அவருடைய காலைக் கழுவி வரவேற்க வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். அதுதான் எங்கள் முறை. தவம் பட்டு வேட்டியோடு குந்தியிருந்தான். குளிர் என்பதால் செம்பில் வெந்நீர். இடது காலைக் கழுவினான். வலது காலைக் கையில் எடுத்தான்.

"நல்லாத் தேய் தவம்" என்று பின்னாலிருந்து சின்னராசாவின் குரல் வந்தது. "உதுதான் அந்தக் கால்."

ஐயரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். ஓல்போர்க் பக்கத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமெடுத்தது. தவம் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி மெதுவாகக் கேட்டான். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"மச்சான், மெய்யாச் சொல்லு. நான் இடப்பக்கம் பாய்வன் எண்டு உனக்கெப்பிடித் தெரியும்?"

ரவி அவனுடைய விரலில் மோதிரத்தைப் போட்டார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. வசந்திதான் சொல்லிவிட்டவ."

தவம் அந்தக் காலை மறுபடியும் ஒரு முறை நன்றாகத் தேய்த்தான். பிறகு துவாயை எடுத்து ஈரம் போகத் துடைத்துவிட்டு எழுந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனான்.